கோப்பு எண் 23: துரை வீடு

கோலாலம்பூர்
4.7.1983

திருமதி து. லெட்சுமி,
துரை வீடு,
கம்போங் குவாந்தான் சாலை,
கோல சிலாங்கூர்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தாங்கள் குடியிருக்கும் பலகை வீடு, பழங்கட்டடக் குழுவின் பரிசீலனைப் பட்டியலில் இருபத்து மூன்றாவதாக இடம்பெற்றுள்ளதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். இருபத்து இரண்டாவது ஒரு பீரங்கி. இருபத்து நான்காவது ஒரு கிணறு. அதில் யாரோ முக்கியமானவர் விழுந்ததாகக் கருதப்படுகிறது. இத்துடன் உள்ள படிவத்தை நிரப்பி இரண்டு வாரத்துக்குள் அனுப்பிவைக்கவும்.

இதுவரை எழுதியது குழுவின் செயலாளர். இனி எழுதுவது தங்கள் தம்பி. அலுவலக நகலில் இந்தப் பகுதி இருக்காது.

அக்கா, சாலையை அகலப்படுத்துகிறார்கள் என்பது தெரிந்திருக்கும். வரைபடத்தின்படி புதுச் சாலை உங்கள் முன்கூடத்துக்குள் நுழைந்து அடுப்பங்கரை வழியாக வெளியேறுகிறது. ஆனால் ஒரு கட்டடம் எங்கள் குழுவிடம் நூற்றுக்கு அறுபது புள்ளி வாங்கிவிட்டால், சாலை பன்னிரண்டு அடி விலகிப் போக வேண்டும். இது சட்டம்.

அளவெடுக்க வந்தவர்கள் கடையில் விசாரித்தபோது, இது என்ன வீடு என்று கேட்டதற்கு எல்லாரும் ‘துரை வீடு’ என்றார்களாம். அவர்களும் வரைபடத்தில் அப்படியே எழுதிவிட்டார்கள். அதை எங்கள் தலைவர் பார்த்துவிட்டார். அவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. வெள்ளைக்காரத் தோட்ட மேனேஜர்களைப் பற்றிப் பதினொரு வருடமாக ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார். தோட்டத்து ஜனங்கள் மேனேஜரைத் துரை என்பார்கள் என்று அவருக்குத் தெரியும். நம் அப்பாவைப் போல, துரைக்கண்ணு என்று ஒரு தமிழனுக்குப் பெயர் இருக்கலாம் என்பது தெரியாது. ‘குறிப்பிடத்தக்க குடியிருப்பாளர்’ என்ற கட்டத்தில் நாற்பது புள்ளி என்று பென்சிலால் போட்டுவிட்டார். இரண்டு அறை வீட்டில் எப்படி ஒரு வெள்ளைக்காரர் இருந்திருப்பார் என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். “எளிமையான மனிதர்” என்றார் தலைவர். அதற்காகத் தனியாக ஐந்து புள்ளி.

நாம் பொய் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். அந்தக் கட்டத்தில் ‘துரை’ என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சா. சிவானந்தம்
செயலாளர்


துரை வீடு
11.7.1983

தம்பி சிவானந்தத்துக்கு அக்கா லெட்சுமி எழுதிக்கொண்டது.

அப்பாவின் கருமாதிக்குப் பிறகு ஒன்பது வருடமாகக் கடிதம் இல்லை. வந்த கடிதத்துக்கு நம்பர் இருக்கிறது. என்னை ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

சாலைக்காரர்கள் போன மாதமே வந்துவிட்டார்கள். சிவப்புச் சாயம் பூசின முளைக்குச்சி ஒன்றைச் செம்பருத்திக்குள் அடித்தார்கள், ஒன்றைக் கிணற்றடியில். மூன்றாவது குச்சிக்கு இடம் அடுப்பங்கரையில் வருகிறது என்றான் ஒருவன். “உள்ள வரலாமாம்மா?” என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டான். நல்ல பிள்ளை. மண்தரையில் குச்சியை அடித்துவிட்டு, கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து அதைச் சுற்றிக்கொண்டுதான் சமைக்கிறேன். இரண்டு தடவை கால் இடறியது. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

நீ அனுப்பின பாரத்தை நிரப்பிவிட்டேன்.

கட்டிய ஆண்டு: 1938. கட்டியவர்: அப்பாவும், தேங்காய்த் தோட்டத்து ஹாஜி அனுப்பிய இரண்டு பேரும். கட்டடக் கலைப் பாணி: பலகை. சிறப்பு அம்சம்: மேற்கு மூலையில் ஒழுகும். குறிப்பிடத்தக்க குடியிருப்பாளர்: மு. துரைக்கண்ணு, தேங்காய் உரிப்பவர். இங்கே யாராவது பிரமுகர் தங்கினாரா: நீ தங்கினாய், அப்போது பிரமுகர் இல்லை.

இனி நான் கேட்கிறேன். உன் பேருக்கு முன்னால் ‘சா’ என்று ஒருவர் நிற்கிறாரே, அவர் யார்? சாமி என்ற பெயரில் நம் வீட்டில் யாரும் இருந்ததில்லை. பேப்பரில் மரண அறிவிப்புப் போட்டாய், ‘சாமி அவர்கள் காலமானார்’ என்று. அதைப் படித்துவிட்டு பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து நாலு பேர் வேறு யாரோ சாமிக்கு அழுதுகொண்டு வந்தார்கள். அப்பாவைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டார்கள்.

து. லெட்சுமி


கோலாலம்பூர்
21.7.1983

அக்கா,

உன் படிவம் கிடைத்தது. தலைவர் பார்ப்பதற்குள் என் மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். ‘தேங்காய் உரிப்பவர்’ என்பதற்கு எங்கள் அட்டவணையில் புள்ளி கிடையாது. கவர்னருக்கு ஐம்பது, மேனேஜருக்கு நாற்பது, மேனேஜரின் நாய் புதைக்கப்பட்டிருந்தால் பதினைந்து. நான் உண்டாக்கிய அட்டவணை இல்லை. தட்டச்சு மட்டும் நான்.

வேறு படிவம் அனுப்பியிருக்கிறேன். பென்சிலால் நிரப்பு.

‘சா’ விஷயம். என் பிறப்புப் பத்திரத்தில் தகப்பனார் பெயர் சாமி என்று இருக்கிறது. பள்ளிக்கூடம், அடையாள அட்டை, வேலை, கல்யாணம் எல்லாவற்றிலும் அதுதான். மரண அறிவிப்பில் வேறு பெயர் போட்டால் எனக்கு விடுப்பு கிடைத்திருக்காது. யாருடைய அப்பாவுக்காக லீவு கேட்கிறாய் என்று கேட்டிருப்பார்கள். யாரோ ஒரு கிராணி, ஒரு தோட்டத்துக் குமாஸ்தா, எழுதியதற்கு நாற்பத்தைந்து வருடமாக நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பாவிடம் எத்தனையோ தடவை கேட்டேன், இது எப்படி வந்தது என்று. “அது கிராணியோட பேரு” என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

இப்போது முக்கியமான விஷயம். ஆகஸ்டு 16 அன்று குழு நேரில் வருகிறது. தலைவர் ஒரு பழைய கிளப் புகைப்படத்தில் மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரரைக் கண்டுபிடித்து, இவர்தான் அந்த வீட்டில் இருந்தவர் என்று முடிவு செய்துவிட்டார். ஆதாரம், அந்த முகத்தில் எளிமை தெரிகிறதாம்.

கூடத்தில் அப்பாவின் படம் மாட்டியிருக்கிறதே, அதை அன்றைக்கு மட்டும் கழற்றி வைத்துவிடு. யாராவது ஏதாவது கேட்டால் தெரியாது என்று சொல். உனக்கு ஐம்பத்திரண்டு வயது, தனி ஆள். இந்த வீட்டை விட்டால் எங்கே போவாய்? என் அடுக்குமாடி வீட்டுக்கு வர மாட்டாய், தெரியும். கேட்டுப் பார்த்ததாக இருக்கட்டும்.

வீடு வேண்டுமா பெயர் வேண்டுமா, யோசித்துச் சொல்.

சிவானந்தம்


துரை வீடு
2.8.1983

தம்பி,

யோசித்தேன். அதற்கு முன்னால் அப்பா சொல்லாததை நான் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது ஏழு வயது.

1938-இல் நாம் கிலாம்பரி ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தோம். புதுசாக ஒரு மேனேஜர் சீமையிலிருந்து வந்தான். அவனுக்குத் தெரிந்த தமிழ் ஒரே ஒரு வார்த்தை, தன்னைத் துரை என்று கூப்பிடுவார்கள் என்பது. முதல் நாள் காலைப் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நிற்கிறோம். கிராணி கார்த்திகேசு செக்ரோலைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுகிறார். கூப்பிட்டால் “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். அப்பாவின் முறை வந்தது. கார்த்திகேசு எப்போதும் போலச் சுருக்கி, “துரை!” என்று கத்தினார்.

“எஸ்?” என்றான் மேனேஜர்.

பெரட்டே சிரித்தது. வேலை வாங்குகிற மண்டோர் கூடச் சிரித்தார். மறுநாளே உத்தரவு: இந்தத் தோட்டத்தில் ஒரு துரைதான். கார்த்திகேசு பாவம், நல்ல மனுஷர். “அப்ப கண்ணு எண்டு கூப்பிடட்டே?” என்று அப்பாவிடம் கேட்டார். தினமும் நூறு பேருக்கு முன்னால் ஒரு மீசைக்காரரைக் கண்ணு என்று கொஞ்சுவதா? அப்பா வேண்டாம் என்றார். கடைசியில் கார்த்திகேசு சாமி என்று எழுதிக்கொண்டார். சாமியை யாரும் குறை சொல்ல முடியாதே என்று நினைத்தார்.

“சாமி!” என்று கூப்பிட்டார்கள். அப்பா அங்கேயேதான் நின்றார், பால்வாளியோடு, முதல் வரிசையில். வாயைத் திறக்கவில்லை. பதில் சொல்லாதவன் வரவில்லை என்று கணக்கு. பதினேழு நாள் அப்படி நின்றார். எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நின்றுகொண்டே வேலைக்கு வராமல் இருந்தவர் அந்தத் தோட்டத்தில் அவர் ஒருத்தர்தான். அந்தப் பதினேழு நாளில் பதினோராவது நாள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நீ பிறந்தாய். மருந்து கட்டுகிற டிரெசர் செக்ரோலைப் பார்த்துத் தகப்பன் பேர் எழுதினார். அப்பா அங்கே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன்னைப் பதியாமல் விட்டிருப்பார்கள். அவர் வாயை மூடினது பெரட்டில் தனக்காக, ஆஸ்பத்திரியில் உனக்காக.

பதினெட்டாம் நாள் லயத்திலிருந்து சாமானை வெளியே வைத்தார்கள். தோட்டத்து எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நாலு அடி தள்ளி, ஹாஜியிடம் தேங்காய் உரிக்கச் சேர்ந்து, அப்பா இந்த வீட்டைக் கட்டினார். வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் மேனேஜரின் காதில் விழுகிற மாதிரி, “துரை வீட்டுல இருக்காரா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பேர் அப்படித்தான் வந்தது.

இதற்கு உங்கள் பாரத்தில் எத்தனை புள்ளி?

கோபத்தில் கேட்கவில்லை. நேற்று லோரியில் கல் கொண்டுவந்து செம்பருத்தி மேல் கொட்டிவிட்டுப் போனார்கள். முக்குக் கடைக் கரீமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “வெள்ளக்காரன்தான் இருந்தான்னு சொல்லிட்டுப் போயேன்லா. அவனுவ நம்ம எடத்துல எல்லாம் இருந்தானுவ, நீ ஒரு நாளைக்கு அவன உன் எடத்துல வெச்சுக்க” என்கிறாள். அவள் சொல்வதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

படத்தைக் கழற்றிவிட்டேன். வா. நான் வாயைத் திறக்க மாட்டேன்.

லெட்சுமி


துரை வீடு
18.8.1983

தம்பி,

உனக்கு என்ன வந்தது?

நான் சொன்னபடி இருந்தேனா இல்லையா? படத்தை அரிசித் தகரத்துக்குப் பின்னால் வைத்தேன். ஆறு பேருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன். உங்கள் தலைவர் சுவரில் இருந்த ஆணியைத் தடவிப் பார்த்து, துரை இங்கேதான் துப்பாக்கியை மாட்டியிருப்பார் என்று மலாயில் சொன்னபோது, அது அப்பா படத்தின் ஆணி என்று சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒழுகுகிற மூலையைக் கூட அந்தக் காலத்துக் காற்றோட்ட வசதி என்று எழுதிக்கொண்டார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு கூட்டத்தை முறைப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று அந்த மனிதர் கூடத்தில் நின்று வருகைப் பட்டியலை எடுத்தார். ஒவ்வொரு பேராக வாசித்தார். ஒவ்வொருவரும் பதில் சொன்னார்கள். கடைசியில், “சிவானந்தம் அனாக் லெலாக்கி சாமி” என்றார், அதாவது சாமியின் மகன்.

நீ பதில் சொல்லவில்லை.

காது கேட்கவில்லையோ என்று அவர் மறுபடி வாசித்தார். நீ எதிரே இரண்டடி தள்ளி, கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டு நின்றாய். மூன்றாவது தடவை மற்றவர்கள் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நிலை எனக்குத் தெரியும். கோப்புக்குப் பதில் பால்வாளி இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நீ மலாயில் பேசியது எனக்கு முழுதாகப் புரியவில்லை. ‘பாப்பா சாயா’ என்று சொன்னது புரிந்தது. என் அப்பா. அதை இரண்டு தடவை சொன்னாய். பிறகு நேராக அடுப்பங்கரைக்குப் போய், அரிசித் தகரத்தை நகர்த்தி, படத்தை எடுத்து வந்து துப்பாக்கி ஆணியில் மாட்டினாய். அதை அங்கேதான் ஒளித்திருப்பேன் என்று உனக்கு யார் சொன்னது? சின்ன வயதில் உன் பம்பரத்தை அங்கேதான் ஒளிப்பேன், அதை இன்னும் மறக்கவில்லை போல.

தலைவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கிளப் போட்டோவையும் பார்த்தார். மீசை மட்டும் ஒத்துப்போனது.

வீடு போய்விட்டது என்று எனக்குத் தெரியும். உன்மேல் கோபமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். போகிற அவசரத்தில் உன் குடையை விட்டுவிட்டாய். கரீமா கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா


கோலாலம்பூர்
9.9.1983

அக்கா,

முடிவு வந்துவிட்டது. மொத்தம் பதினொரு புள்ளி.

வயதுக்கு ஐந்து, பலகைக்கு நான்கு. குறிப்பிடத்தக்க குடியிருப்பாளர்: பூஜ்யம். குறிப்பிடத்தக்க சம்பவம்: இரண்டு. பதினேழு நாள் கதையை நான் ஆறு பக்கம் தட்டச்சு செய்து கொடுத்திருந்தேன். ‘ஒருவர் பேசாமல் இருந்ததைச் சம்பவமாகக் கொள்ள முடியாது’ என்று ஓரத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அப்புறம் அந்த இரண்டு எதற்கு என்று கேட்டேன். ஆறு பக்கத்திலும் பிழை இல்லாததற்காம். கிணறு அறுபத்து நான்கு வாங்கித் தேறிவிட்டது. விழுந்தவர் யார் என்று இன்னும் தெரியவில்லை.

என்னைச் செயலாளர் வேலையிலிருந்து மாற்றி, பொருள் அறைக்குப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். வேலை ஒன்றும் இல்லை. உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை. அட்டவணையை நான் தட்டச்சு செய்த நாளை நினைத்துக்கொள்கிறேன். நாய்க்குப் பதினைந்து என்று அடித்தபோது எனக்குச் சிரிப்புக் கூட வரவில்லை. வரிசை நேராக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

பெயரை மாற்ற விண்ணப்பித்தேன். தகப்பனார் பெயர் துரைக்கண்ணு என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். ஒரு வீடே அந்தப் பெயரில் இருக்கிறது என்றேன். இருக்கிறதா, இருந்ததா என்று கேட்டாள் அந்தப் பெண். நல்ல கேள்வி.

இன்னொன்று. சாலை இலாகாவிலிருந்து ஒரு சிறு தாள் வந்தது. புதுச் சாலையில் பஸ் நிறுத்தங்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் அந்தந்த இடத்தின் பெயர் வேண்டுமாம், வரைபடத்தில் இருப்பதை எப்படிச் சரியாக எழுதுவது என்று செயலாளரிடம் கேட்டிருந்தார்கள். புதுச் செயலாளர் இன்னும் வரவில்லை. தாள் என் பழைய மேசையில் கிடந்தது. நான் போய்ப் பேனாவால் எழுதிவிட்டு வந்தேன். அதற்குப் புள்ளி தேவையில்லை என்று தெரிகிறது.

என்னால்தான் வீடு போனது. மன்னித்துவிடு என்று எழுதினேன், அடித்துவிட்டேன். நீ படித்துவிட்டுச் சிரிப்பாய்.

து. சிவானந்தம்
(விண்ணப்பம் பரிசீலனையில்)


கரீமா கடை, பின்கட்டு
கம்போங் குவாந்தான் முக்கு
26.2.1984

தம்பி சிவானந்தத்துக்கு,

நவம்பரில் வீட்டைப் பிரித்தார்கள். இடிக்க வந்த இயந்திரத்துக்கு முக்கால் மணி நேரம் கூடத் தேவைப்படவில்லை. அதற்கு முன்னாலேயே நான் நல்ல பலகையாகப் பார்த்துக் கழற்றி வைத்துவிட்டேன். இப்போது நான் படுக்கிற கட்டில் நம் முன்கூடத்துச் சுவர். ஆணியும் அதிலேயே இருக்கிறது, தலைமாட்டில். படத்தை மாட்ட முடியாது, படுத்திருக்கிற ஆணி. படம் கடையில் கல்லாவுக்கு மேலே இருக்கிறது. வருகிறவர்கள் கரீமாவின் மாமனாரா என்று கேட்கிறார்கள். அவள் ஆமாம் என்கிறாள்.

காலையில் எழுந்ததும் கால் தானாகப் பழைய இடத்துக்குப் போகப் பார்க்கிறது. போனால் நடுச்சாலையில் நிற்பேன். லோரிக்காரன் ஒருவன் திட்டினான். அடுப்பங்கரையில் நிற்கிறேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

குடையை எடுக்க வருகிறேன் என்றாய். இரண்டு தடவை நாள் சொல்லிவிட்டு வரவில்லை. மழைக்காலமே முடிந்துவிட்டது.

நேற்று கண் ஆஸ்பத்திரிக்குக் கிள்ளான் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன். கூட்டம். எனக்குப் பின்பக்கம்தான் இடம் கிடைத்தது. புதுச் சாலையில் வண்டி வேகமாகப் போகிறது, எந்த இடம் என்றே தெரியவில்லை. ஈஜோக் தாண்டி, புக்கிட் ரோத்தான் தாண்டி, எங்கேயோ வேகம் குறைந்தது. பார்த்தால் தகரக் கொட்டகை, நீலப் பலகை, வெள்ளை எழுத்து. ரூமா துரை கண்ணு, மலாயில் நம் வீடு. நடுவில் ஓர் இடைவெளி விட்டிருக்கிறான் எழுதினவன். இருக்கட்டும், அவர் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும்.

கண்டக்டர் படியில் நின்றுகொண்டு உள்ளே பார்த்துக் கத்தினான்:

“துரைக்கண்ணு! துரைக்கண்ணு!”

நாற்பத்தைந்து வருடம் கழித்து, முழுப் பேர், சுருக்காமல். நான் எழுந்து நின்றுவிட்டேன். வாய் என்னைக் கேட்கவில்லை.

“இருக்கேன்” என்றேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவனும் பார்த்தான்.

“இருந்தா எறங்குங்கம்மா” என்றான்.

லெட்சுமி